கார்ட் முடிந்த பிறகு

அன்புள்ள மச்சான்,

தைப்பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் புரட்டாதியில் பதில் எழுதுகிறேன். கோபம் இருந்தால் திட்டி ஒரு கடிதம் போடு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தினமும் விடியற்காலையில் வாட்ஸப்பில் வரும் அந்த ரோசாப்பூவை மட்டும் நிறுத்து. ஐம்பது வருடப் பழக்கத்தில் நீ எனக்கு ஒரு பூ தந்ததில்லை, இப்போது நாளுக்கு ஒன்று எதற்கு?

இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் சுகம். இவளுக்கு ஆஸ்பத்திரி வேலை இன்னும் இரண்டு வருடம். மகள் லீட்ஸில். உன் முழங்கால் எப்படி? சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்களா? தள்ளிப் போடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு முனையில் நிற்கும் சிவப்பு ரெலிபோன் பெட்டியைப் போன சனிக்கிழமை திறந்தோம். நாலு மாதமாக அதற்குப் பின்னால்தான் திரிந்தேன். அதனால்தான் கடிதமும் இல்லை. கட்டையன் ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்து, "துருப்பிடிச்ச இரும்புக்கு இவ்வளவு கவலையோ?" என்று கேட்டான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும். உன் ஐயா போஸ்ட் மாஸ்டராக இருந்தவர், சந்தித் தபால் பெட்டிக்கு வருடா வருடம் தன் கையாலேயே சிவப்புப் பூசியவர். ஒரு பெட்டிக்காக ஒரு மனிதன் கவலைப்படலாம் என்று உனக்கு விளங்கும்.

போன வருடம் அந்தப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. இந்த ரெலிபோனை எடுத்துவிடப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும் என்று. இங்கே அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொலைத்தொடர்பை மேற்பார்க்கிற ஒவ்கொம் 2022 இல் விதி எழுதியது. சுற்றிவர மொபைல் சிக்னல் சரியாக இல்லாத இடம், விபத்து அதிகமாக நடக்கிற இடம், தற்கொலைகள் நடக்கிற இடம், இல்லாவிட்டால் பன்னிரண்டு மாதத்தில் 52 கோலாவது போன பெட்டி, இவற்றைச் சும்மா எடுத்துவிட முடியாது. எங்கள் பெட்டி இதில் ஒன்றுக்கும் உட்படவில்லை. வாரத்துக்கு ஒரு கோல் கூட இல்லை. நீ இங்கே இருந்திருந்தால் வாரம் ஒரு தடவை போய் யாருக்காவது போன் எடுத்து 52 ஐ நிரப்பியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் வருடம் ஏற்கனவே முடிந்துபோயிருந்தது.

மொபைல் இல்லாத மனிதர் யார் இருக்கிறார்கள் என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் படித்தேன், 2020 மே வரையான ஒரு வருடத்தில் மட்டும் இந்த நாட்டின் பொதுத் தொலைபேசிகளிலிருந்து அவசர சேவைகளுக்கு ஏறக்குறைய 150,000 கோல் போயிருக்கிறது. பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்கிற சைல்ட்லைனுக்கு 25,000. வீட்டிலுள்ள போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்கு அத்தனை பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போயிருக்கிறார்கள். இதைப் படித்த இரவு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

ஊர்ச்சபைக் கூட்டத்தில் சிலர் எடுத்துவிடட்டும் என்றார்கள். கதவு இறுகிவிட்டது, உள்ளே நாற்றம், பெயின்ற் உரிந்து தொங்குகிறது, எல்லாம் உண்மைதான். அப்போது 84 வயதான ஒரு அம்மா எழும்பினார். தான் பிறந்தபோதே அது அந்த மூலையில் நின்றது என்றார். அந்தக் காலத்தில் வீடுகளில் ரெலிபோன் இல்லையாம். பெட்டிக்கென்று ஒரு நம்பர் இருக்கும். தூர இடத்தில் வேலை பார்த்த அவருடைய காதலர் வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அந்த நம்பருக்கு எடுப்பார். இவர் ஆறே முக்காலுக்கே போய் உள்ளே நின்றுகொண்டு, யாராவது போன் எடுக்க வந்தால் றிசீவரைக் காதில் வைத்து, கொக்கியை விரலால் அமத்திப் பிடித்தபடி, கதைப்பதுபோல வாயை அசைப்பாராம். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அவர் போய் ஆறு வருடம். அந்தப் பெட்டியையும் கொண்டுபோகாதீர்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வாக்கெடுப்பில் நாங்கள் வென்றோம். ரெலிபோனைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை ஊர்ச்சபைக்கு ஒரு பவுணுக்குக் கொடுக்கிற திட்டம் 2008 இலிருந்து இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஊர்கள் அப்படி வாங்கியிருக்கின்றன. சமசெற்றில் வெஸ்ட்பெரி என்ற கிராமத்தில் அதைப் புத்தகசாலை ஆக்கினார்கள், யோக்‌ஷயரில் செற்றில் என்ற ஊரில் ஒருவர் நின்று பார்க்கக்கூடிய ஓவியக்கூடம் ஆக்கினார்கள். எங்கள் பெட்டியில் இதயம் நின்றுபோனவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருக்கிறோம். கிட்டிய ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து 14 மைல். கருவிக்குக் கீழே இரண்டு தட்டில் புத்தகம்.

ஒரு பவுண் கொடுத்து வாங்கலாம், ஆனால் திருத்துவதற்கு ஆள் வேண்டுமே. நான் கை உயர்த்தினேன். ஏன் உயர்த்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மச்சான், அந்தப் பெட்டியின் கதை உனக்குப் பிடிக்கும். அதைச் செய்தவர் ஜைல்ஸ் கில்பேட் ஸ்கொட். லிவர்பூல் பேராலயத்தின் வரைபடப் போட்டியில் 1903 இல் வென்றபோது அவருக்கு 22 வயது. அவர் 1960 இல் கண் மூடினார், பேராலயம் கட்டி முடிந்தது 1978 இல். வோட்டர்லூ பாலம் அவருடையது. நீ லண்டன் வந்தபோது தேம்ஸ் கரையில் நாங்கள் போன அந்தப் பெரிய ஓவியக்கூடம், முந்தி மின்நிலையமாக இருந்ததே, அதுவும் அவருடையதுதான். இத்தனை பெரிய மனிதர், ஒரு ஆள் நிற்கிற பெட்டிக்கும் அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார். 1924 இல் நடந்த போட்டியில் அவருடைய வடிவம் வென்றது. அந்தப் போட்டிக்கு மரத்தால் செய்த மாதிரி இன்றைக்கும் பிக்கடிலியில் றோயல் அகடமி வாசல் வளைவுக்குள் நிற்கிறது. ஒரு நாள் போய்த் தொட்டுப் பார்த்தேன். நூறு வருட மரம்.

அவர் கேட்டது வெளியே வெள்ளி நிறம், உள்ளே பச்சை கலந்த நீலம். தூரத்தில் தெரிய வேண்டும் என்று தபால் திணைக்களம் சிவப்பைப் பூசிவிட்டது. முதலில் வந்தது பெரியது, விலையும் கூட, லண்டனோடு நின்றுவிட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இருபத்தைந்தாம் ஆட்சி ஆண்டையொட்டி 1935 இல் அதே மனிதரே சிறிதாக்கி வரைந்ததுதான் ஊர் ஊராகப் போனது. ஏறக்குறைய 60,000 பெட்டி. முழுதும் வார்ப்பிரும்பு, கதவு மட்டும் தேக்கு, எடை முக்கால் தொன். அப்போது இந்தச் சிவப்பு கிராமத்தின் அழகைக் கெடுக்கிறது என்று சனம் சண்டை பிடித்திருக்கிறது. சில அழகான இடங்களில் சாம்பல் நிறம் பூசிக் கண்ணாடிச் சட்டத்துக்கு மட்டும் சிவப்படித்துச் சமாதானம் செய்திருக்கிறார்கள். அதே சனத்தின் பிள்ளைகள், 1985 இல் இவற்றை எடுத்துவிட்டுப் புதுமாதிரி வைக்கப் போகிறோம் என்று அறிவித்தபோது, எடுக்காதே என்று சண்டை பிடித்தார்கள். அதனால்தான் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இன்று பழங்கட்டடங்களைப் போலச் சட்டப் பாதுகாப்பில் நிற்கின்றன. பக்கிங்ஹாம் அரண்மனையையும் பிக் பென்னையும் நாட்டின் சின்னமாக்கியது அரசும் அரசரும். இதைச் சின்னமாக்கியது மழைக்கு ஒதுங்கிய சனம். எனக்கு இதில் பெரிய மதிப்பு இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியின் கூரையை நினைத்துப் பார். நாலு பக்கமும் வளைந்து, நடுவில் தாழ்ந்த குவிமாடம். அந்த வடிவம் ஒரு கல்லறையிலிருந்து வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். வைகாசியில் நேரில் பார்க்கப் போனேன். லண்டன் கிங்ஸ் குறொஸ் ஸ்ரேசனிலிருந்து கொஞ்சம் தள்ளிச் செயின்ற் பாங்கிறஸ் பழைய தேவாலயம், அதன் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. இங்கிலாந்து வங்கியைக் கட்டிய ஜோன் சோன் என்ற கட்டடக் கலைஞர், 1815 இல் மனைவி இறந்த பிறகு அவருக்காகக் கட்டியது. நாலு தூண், மேலே அதே கூரை. நேரில் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, நான் குடையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். மனைவியை இழந்த ஒரு மனிதன் கட்டிய கூரை. அதன் கீழே எத்தனை பேர் எத்தனை செய்தி கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன்.

திருத்தும் வேலை நான் நினைத்ததைவிடக் கஷ்டம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், தூசு உள்ளே போகக் கூடாது என்று முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் உரசினோம். ஒன்றின் கீழ் ஒன்றாகச் சிவப்பு. மேலே இருப்பது கொஞ்சம் கடும் சிவப்பு, அடியில் வர வர ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. பின்பக்க அடியில் இரும்பில் வார்த்த எழுத்து வெளிப்பட்டது: லயன் வார்ப்பகம், கேர்க்கின்ரிலொக். ஸ்கொட்லாந்து. அங்கே உருக்கி வார்த்த இரும்பு எங்கள் சஃபொக்கில் நெல்லுப்போலப் பார்லி விளைகிற வயல் ஓரத்தில் எண்பது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது.

நாலு பக்கமும் மேலே கிரீடம் இருக்கிறதல்லவா? பெயின்ற் மேல் பெயின்ற் பூசி, அது வெறும் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. கத்தி வைத்தால் இரும்பில் கீறும். லண்டன் ஈஸ்ட் ஹாம் கடையில் இவள் வாங்கி வைத்திருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை இழுத்து, நுனியைச் சீவி, பெயின்ற் கரைக்கும் மருந்தைத் தொட்டுத் தொட்டு மூன்று நாள் நோண்டினேன். முதல் நாள் மாலை அடியிலிருந்த மணிகள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாம் நாள் மேல் வளைவு தெரிந்தது. நடுவில் பள்ளம் இல்லாமல் உருண்டு வந்தது. எலிசபெத் மகாராணி காலத்துக் கிரீடம் என்றால் வளைவு நடுவில் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ஆக இது 1953 க்கு முந்தியது. அந்த அம்மா சொன்னது சரி. ஓடிப் போய் அவருக்குச் சொன்னேன். "நான் சொன்னேன்தானே" என்று தேநீர் தந்தார்.

மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது ரூறிஸ்ற்காரர் படம் எடுக்கிற சாமான்" என்றாள். பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்களே, அதைத்தான் அவள் பார்த்து வளர்ந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு ரெலிபோன் கார்ட் தெரியாது, கதைக்கக் கதைக்க அதில் குறைகிற யூனிற் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உனக்கு எழுதுகிறேன்.

1993 மாசி, சண்டைக் காலம். என் ஐயா போய் முப்பத்தோராம் நாள் முடிந்து, அம்மா என்னோடு ஒரு தடவை கதைக்க வேண்டும் என்று அழுததும், நீ பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கிளாலியில் இரவுப் படகில் அம்மாவை ஏற்றி, வவுனியா வந்து, அங்கிருந்து கொழும்புக்குக் கூட்டிப் போனதும் உனக்கு மறந்திருக்காது. அந்தக் கடலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்கு நான் உனக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. சொல்ல வந்த ஒவ்வொரு தடவையும் நீ கதையை மாற்றினாய். இந்தக் கடிதத்தில் நீ மாற்ற முடியாது. நன்றி மச்சான்.

இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. நான் அப்போது பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. நாங்கள் ஆறு பேர் இருந்த வீட்டில் ரெலிபோன் இருந்தது, வெளியே எடுக்க முடியாதபடி வீட்டுக்காரர் பூட்டுப் போட்டிருந்தார். நீ எழுதிய நாளும் நேரமும், வெள்ளவத்தைக் கொமினிக்கேசன் கடை நம்பரும் ஒரு துண்டில் இருந்தது. காலை ஆறு மணிக்கு வேலை முடித்து, உங்களுக்கு அப்போது பதினொன்றரை, நேரே ஒரு சிவப்புப் பெட்டிக்குப் போனேன். கையில் பச்சை நிறக் கார்ட், நூறு யூனிற், பத்துப் பவுண். கதவு பாரம், உள்ளே இழுத்து மூடியதும் தெருச் சத்தம் பாதி அடங்கிவிடும். கண்ணாடியெல்லாம் பனி. கார்ட்டைப் போட்டதும் சின்னத் திரையில் 100 என்று வந்தது.

லைன் கிடைக்க நாலு தடவை எடுத்தேன். கடைக்காரர் எடுத்தார், நீ எடுத்து "இரு, தாறன்" என்றாய், அப்புறம் அம்மா. "தம்பி, சாப்பிட்டியே?" அதுதான் முதல் கேள்வி. என்ன சாப்பிட்டேன், யார் சமைத்தது, குளிருக்குச் சட்டை இருக்கா, சளி பிடித்ததா. எனக்குக் கண் திரையில். 81. 74. அவ்வளவு கெதியில் இறங்கும். ஐயாவைப் பற்றி நானாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவும் தொடவில்லை. 40 வந்தபோது பக்கத்து வீட்டுக் கிணறு பற்றிச் சொன்னார். 22 வந்தபோது நான் "அம்மா, ஐயா கடைசியாக..." என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மௌனத்திலும் எண் இறங்கியது மச்சான். 9, 8, 7. அப்புறம் "தம்பி, ஐயா சொன்னவர்..." என்று தொடங்கினார். லைன் போய்விட்டது.

வேறு கார்ட் இல்லை. கடை திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம். றிசீவரைக் காதில் வைத்தபடி, அந்தக் கூரையின் கீழே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரோ வந்து கண்ணாடியில் தட்டினார்கள். கார்ட் வாங்கிக்கொண்டு ஓடி வந்து எடுத்தபோது நீங்கள் போய்விட்டீர்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

2004 இல் ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "அது இப்ப ஏன்? எனக்கு ஞாபகமில்லை" என்று சிரித்தார். அம்மாவின் சிரிப்பு உனக்குத் தெரியும், அது ஞாபகமில்லாத சிரிப்பில்லை. மறுபடி கேட்க மனம் வரவில்லை. இப்போது அம்மா போயும் பதினொரு வருடம்.

கிரீடத்துக்குத் தங்கப் பெயின்ற் பூசிக்கொண்டு ஏணியில் நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. லைன் என் பக்கத்தில்தான் அறுந்தது. அம்மாவுக்கு அது உடனே தெரிந்திருக்காது. அம்மா தொடர்ந்து கதைத்திருப்பார். ஒரு வசனமாவது, அரை வசனமாவது. நீ பக்கத்தில் நின்றாய்.

நீ பக்கத்தில் நின்றாயா, இல்லை, மரியாதைக்கு வெளியே போய் நின்றாயா? நின்றிருந்தால் அம்மா என்ன சொன்னார் என்று எழுது. நல்ல சொல்லோ கெட்ட சொல்லோ, உள்ளபடி எழுது. இத்தனை வருடத்தில் கதைப்பதற்கு எத்தனை வழி வந்துவிட்டது, இதை உன்னிடம் போனில் கேட்க முடியாமல்தான் கடிதத்தில் கேட்கிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பெட்டியின் படம் இதோடு வைத்திருக்கிறேன். கிரீடத்தை வடிவாகப் பார்.

உன்
நெட்டையன்